மாடு கூடத் தின்னாத மாலை

ஹமீதா டீச்சர் போய்விட்ட செய்தி எனக்கு ஒரு மினுமினுக்கும் ரோஜாப்பூவோடு வந்தது. ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே போனைத் திறந்தேன். பூந்தோட்டத்துக்கு வருகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் வழக்கம்போல ‘காலை வணக்கம்’ படங்கள் வரிசையாக இறங்கியிருந்தன. இரண்டு காலை வணக்கங்களுக்கு நடுவில், இதழ் விரிந்து விரிந்து மூடும் ஒரு ரோஜா. அதன்மேல் அவர் பெயர். கீழே ஒருவர் சுடர் ஆடும் குத்துவிளக்கைப் போட்டிருந்தார். ஒருவர் ‘ஓம் சாந்தி’ என்றிருந்தார். இன்னொருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். எதற்குக் கட்டைவிரல்? போய்ச் சேர்ந்ததற்கா? அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குமட்டலைச் சொல்லி ஆற்றிக்கொள்ள என் விரல் தேடிப் போன எண், கடவுளே, அவருடையதுதான்.

உறையூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பாலக்கரைக்கு ஓடினேன். டீச்சரின் மகள் ஷாஹிதா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சாங்க டீச்சர். ஒலு செய்ய, கைகால் கழுவப் போன எடத்துலயே விழுந்துட்டாங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள மவுத்தாயிட்டாங்க” என்றாள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போக, பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அப்போதுதான் பூந்தோட்டத்துச் செயலாளர் வரதன் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். அந்த வீட்டில் மாலை போடும் வழக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. கடைசி ஆளாகக் கிளம்பிக்கொண்டிருந்த ஷாஹிதாவின் சின்னத்தா, அவள் சித்தப்பா, மரியாதையாக அதை வாங்கி ஒரு நாற்காலியின் மேல் வைத்தார். அசல் ரோஜா என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஷாஹிதா போன் செய்தாள். குரலே சரியில்லை. தோட்டத்து அறக்கட்டளைக்காரர்கள் வந்து ஒரு படத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். டீச்சர் நினைவாகத் தோட்டத்தில் ஒரு செல்ஃபி முனை வைக்கப் போகிறார்களாம். இதய வடிவத்தில் ஒரு வளைவு, முழுக்கப் பிளாஸ்டிக் பூ. உச்சியில் டீச்சரின் படம். இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சி இறக்கை. வருகிறவர்கள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தை ஷாஹிதா எனக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் டீச்சரின் வெள்ளைத் துப்பட்டியை உருவிவிட்டு, தலையை வாரி, ஒரு முழம் மல்லிகைப்பூ வைத்திருந்தார்கள். கன்னத்தில் ரோஸ் வேறு.

“என்னைப் பெத்தப்ப ஆஸ்பத்திரியில கூட எங்கம்மா முக்காட்டை எடுத்திருக்க மாட்டாங்க டீச்சர்” என்றாள் ஷாஹிதா. “இதை எப்படியாவது நிறுத்திக் குடுங்க. எனக்குச் சண்டை போட வராது. எடம்கூடப் பாத்துட்டாங்களாம். பின்பக்கம் அம்மா எப்பவும் போய் நிப்பாங்களாமே, அங்கதான் வைக்கப் போறாங்களாம். சுத்தம் பண்ண ஜேசிபி வருதுன்னாங்க.”

அம்மா எப்போதும் போய் நின்ற இடம் எது என்று ஷாஹிதாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது தோட்டத்தின் குப்பைமேடு.

பள்ளிக்கூடத்துப் பழைய ஆசிரியர்களும் மாணவிகளும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு, டீச்சரைப் பற்றி நல்லவிதமாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்லவிதமாக எழுதினால் அது அவரைப் பற்றியதாக இருக்காது. அவரோடு பழகிய உங்களுக்கு இது தெரியும். ஹமீதா டீச்சர் எதையும் ரசித்து நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? முகம் சுளித்துத்தான் பார்த்திருப்பீர்கள். அந்த முகச்சுளிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அவர் அறிவியல், நான் கணக்கு. ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே வருடம் ஓய்வுபெற்றோம். ஆண்டுவிழாவுக்கு மேஜைமேல் பிளாஸ்டிக் பூச்செண்டு வைத்தால், விருந்தினர் வருவதற்குள் அது காணாமல் போயிருக்கும். எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டோம். அறிவியல் கூடத்து அலமாரிக்குப் பின்னால் அப்படி ஒரு பிளாஸ்டிக் நந்தவனமே கிடந்தது.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்று, மாதம் ஒரு தடவை கொள்ளிடக்கரைப் பூந்தோட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, டவுன் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி ஆட்டோவில் போவோம். தமிழ் மாதம் ஒவ்வொன்றிலும் ஒரு நாள். அந்த ஏற்பாடு அவருடையது. ஒரு தோட்டத்தைப் பன்னிரண்டு மாதமும் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பார். பேசுவார் என்றால் திட்டுவார் என்று பொருள்.

முதல் தடவையே வினை. வாசலைத் தாண்டியதும் ஒரு தாமரைக்குளம். சிவப்புத் தாமரை குளம் நிறைய. நான் “அடடா” என்றுவிட்டேன். அவர் குனிந்து ஒரு பூவை எட்டிப் பிடித்து இழுத்தார். அடியில் ஒரு கம்பியும் செங்கல்லும் வந்தன. பூ முழுக்கத் துணியும் பிளாஸ்டிக்கும். இதழில் பாசி பிடித்து, விரல் பட்ட இடம் கொழகொழவென்றிருந்தது. கையை உதறிவிட்டு, “மனுசன் பொய் சொல்றான், சரி. பூவு கூடவா டீச்சர் பொய் சொல்லணும்?” என்றார். குழாயடியில் அவர் கை கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தத் தோட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதன்மேல் பெருமை. எனக்கு அதில் நுழைந்தாலே விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியதைப் பார்ப்பதுபோல இருக்கும். மரத்துக்கு வெள்ளையடித்து, அதன்மேல் கண்ணும் மூக்கும் வரைந்திருப்பார்கள். சிமென்ட் மான் ஒன்று, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு நிற்கும். புதருக்குப் புதர் ஒளித்துவைத்த ஸ்பீக்கர் பாடும். ஒரு தடவை கால் வலிக்கிறதென்று டீச்சர் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். பாறை அவருக்கு அடியிலிருந்து காதல் பாட்டு பாட ஆரம்பித்தது. அவர் எழுந்து நின்று பாறையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்டவளைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் சிரிக்கவில்லை.

சித்திரையில் யாரும் அங்கே போகமாட்டார்கள். நாங்கள் போவோம். திருச்சி வெயிலில் புல்லெல்லாம் தேங்காய் நாராகக் கிடக்கும். ஒரு சித்திரையில் போனபோது புல்வெளி பச்சைப்பசேலென்று கண்ணைப் பறித்தது. எனக்கே சந்தேகம் வந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். திரும்பி வந்தபோது உள்ளங்கால் பச்சை, புடவைக் கரை பச்சை, தரையில் புரண்ட வெள்ளைத் துப்பட்டியின் ஓரம் பச்சை. யாரோ பெரிய மனிதர் வருகிறாரென்று காய்ந்த புல்லுக்குச் சாயம் அடித்திருக்கிறார்கள்! நேராக வரதன் சாரின் அறைக்குப் போய்த் துப்பட்டியை மேஜைமேல் விரித்தார்.

“சார், வெயில் காலத்துல புல்லு காயும். அது புல்லோட குத்தமில்ல, உங்க குத்தமும் இல்ல. காஞ்சா காஞ்சதுன்னு விட்டுட்டுப் போங்களேன்” என்றார்.

“காஞ்சிருந்தா வர்றவா முகம் சுளிப்பாளே டீச்சர்” என்றார் வரதன் சார்.

“இப்ப நான் சுளிக்கலயா?”

அந்தச் சாயம் கடைசிவரை போகவில்லை. அவர் போக்க முயலவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் அந்தத் துப்பட்டியைத்தான் போர்த்திக்கொண்டு வந்தார். வரதன் சார் கண்ணில் அது படாமல் போனதே இல்லை.

ஆடியில் கதை வேறு. காவிரியில் தண்ணீர் வந்து, பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் முளைப்பாரியும் காதோலைக் கருகமணியும் விட்ட கூட்டம் அப்படியே இங்கே வந்துவிடும். எங்கள் ஜனத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையோடு அல்லிக்குளத்தில் எறிவார்கள். ஒரு நாகலிங்க மரம், பாவம், அதன் அடியில் ஆண்கள் சுவரென்று நினைத்து நிற்பார்கள். மரத்தில் ஆணியால் பெயர் செதுக்கி, பக்கத்தில் இதயம் வரைவார்கள். ஒரு குடும்பத்தார் குளத்தில் புளியோதரையைக் கொட்டியபோது டீச்சர் போய் நின்றார். அவர்கள் “மீனுக்குப் போடறோம்மா” என்றார்கள். “அதுல மீனு இல்ல. இருந்தாலும் அதுக்குப் புளியோதரை புடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார். அந்தக் குடும்பத்துப் பெரியவர், “உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், நீங்க பாட்டுக்குப் பாத்துட்டுப் போங்க” என்று கையைக் காட்டினார். பஸ்ஸில் டீச்சர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் நான் கேட்டேன். எனக்கு எரிச்சல். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வெயிலில் நின்று, வயிறெரிந்து திரும்புவதற்கு எதற்கு இங்கே வரவேண்டும்? அழகாக உச்சிப்பிள்ளையார் கோவிலுக்குப் படி ஏறலாம், மாலை வேளையில் பாலத்தில் நின்று காற்று வாங்கலாம். “புடிக்காத எடத்துக்கு மாசா மாசம் எதுக்கு டீச்சர் போகணும்?” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். “நமக்குப் புடிக்கலன்னு நாம நின்னுட்டோம்னா, அப்பறம் புடிச்சவங்க மட்டும்தான் வருவாங்க கலா டீச்சர். அது தோட்டத்துக்கு நல்லதில்ல.”

ஐப்பசி மழையில் தோட்டம் காலியாக இருக்கும். தண்ணீர் புகுந்து ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். சிமென்ட் மானின் உதட்டுச் சாயம் கரைந்து மார்பெல்லாம் வழியும். நாங்கள் இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு சேற்றில் தத்தித் தத்திப் போவோம். அந்த ஒரு மாதம் மட்டும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நான்தான் செருப்பு மாட்டிக்கொண்டதென்றும், நத்தை மிதிபட்டதென்றும் முணுமுணுத்துக்கொண்டு வருவேன்.

தை மாதம் மலர்க் கண்காட்சி. வாடகைக்கு எடுத்த தொட்டிச் செடிகளைத் தொட்டியோடு மண்ணில் புதைத்து, அங்கேயே வளர்ந்தவைபோல நிறுத்துவார்கள். முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு லாரி போய்விடும். வெள்ளைச் சாமந்தியை நீலச் சாயத்தில் முக்கி மயில் செய்வார்கள். காலிஃபிளவரில் ஆட்டுக்குட்டி, சுரைக்காயில் முதலை, தர்ப்பூசணியில் செதுக்கிய மயில் என்று காய்கறி மிருகங்கள் வேறு. ஊரே திரண்டு வரும். உள்ளே நுழைவதற்கு மண்ணச்சநல்லூரிலிருந்தும் சமயபுரத்திலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் காத்துக்கிடப்பார்கள். டீச்சர் கண்காட்சிக்கு வரமாட்டார். அது முடிந்த மறுநாள்தான் வருவார்.

“கல்யாணத்துக்குப் போறது பெருசில்ல டீச்சர். மறுநாள் அந்த மண்டபத்தைப் போய்ப் பாருங்க. அப்பத் தெரியும் அது எப்படிப்பட்ட வீடுன்னு” என்பார்.

அந்த மறுநாளின் நாற்றத்தை எப்படி எழுத? ஆட்டுக்குட்டி பழுத்து மஞ்சளாகி வழியும். முதலையின் வயிறு வெடித்து ஈ மொய்க்கும். சாமந்தி மயிலிலிருந்து நீலச் சாயம் சொட்டித் தரையில் குட்டையாக நிற்கும். மிதிபட்ட பூவும் பாதி தின்ற பஜ்ஜியும் கலந்து கால் வழுக்கும். எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அள்ளிப் போய்ப் பின்பக்க மதிலோரம் கொட்டுவார்கள். முதல் வருடம், “எங்க கொண்டுபோய்க் கொட்றாங்கன்னு பாப்போம்” என்று அவர் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் போனேன். ஆள் உயரக் குப்பை. செத்த எலி ஒன்று மல்லாந்து கிடந்தது. அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பங்குனியில் போனபோது, அவர் நேரே அந்த மதிலோரத்துக்குத்தான் நடந்தார். நான் தள்ளி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். “ஓடி வாங்க டீச்சர்! மயிலு மொளைச்சிருச்சு!”

குப்பையின் மேல் தர்ப்பூசணிக் கொடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் தக்காளிச் செடி, சுரைக்கொடி, யாரும் விதைக்காத கோழிக்கொண்டை, காசித்தும்பை. நாற்றம் இல்லாமல் இல்லை. ஈயும் இருந்தது. பூ எல்லாம் சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல், எந்தக் கண்காட்சியிலும் வைக்க முடியாத பூ. டீச்சர் முகத்தைப் பார்த்தேன். சுளிப்பே இல்லை. அன்றையிலிருந்து அவர் அந்தத் தோட்டத்துக்கு வந்தது குப்பைமேட்டைப் பார்க்கத்தான். மற்றதெல்லாம் போகிற வழி. வழியில் கண்ணில் பட்டதைத் திட்டிக்கொண்டு போவார்; அங்கே போனதும் வாயை மூடிக்கொண்டு நிற்பார். எந்த மாதத்தில் எது முளைத்தது, எது காய்ந்தது, வைகாசியில் பாகற்கொடி வந்ததா இல்லையா என்று பஸ்ஸில் அதைப் பற்றித்தான் பேச்சு.

இவ்வளவு திட்டியவருக்குத் தோட்டக்காரர்கள் ஒரு விருது கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? மாதம் தவறாமல் வருகிறாரென்று வரதன் சார் கவனித்திருக்கிறார். போன தையில் அவரை வற்புறுத்திக் கண்காட்சி மேடைக்கு வரவழைத்து, ‘சிறந்த மலர் ஆர்வலர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தி மாலை போட்டார்கள். மாலை பிளாஸ்டிக். முன்வரிசையில் இருந்த நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டீச்சர் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைக்கில் வந்த பேச்சு இவ்வளவுதான்: “அன்புக்கு நன்றி. ஆனா இந்த மாலையை மாடு கூடத் திங்காது.” கூட்டம் கைதட்டியது. ஏதோ நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். வரதன் சாரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். டீச்சருக்கு ஏற்பட்ட அவமானத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். கோபித்துக்கொண்டாலும் மெச்சிக்கொள்ளும் கூட்டத்தை என்ன செய்வது?

இனி ஷாஹிதா கேட்ட காரியத்துக்கு வருகிறேன். ஆவணியில் ஒரு நாள் நானும் அவளும் வரதன் சாரைப் பார்க்கப் போனோம். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் குட்டிமரம். அதைப் பார்த்ததும் என் வேலை சுலபமாகிவிட்டது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். முக்காட்டை எடுத்தது, பூ வைத்தது, கன்னத்துக்குச் சாயம் அடித்தது, எல்லாம். டீச்சருக்குப் பிளாஸ்டிக் என்றால் எவ்வளவு அருவருப்பு என்று தெரிந்தும் அவர் பெயரில் இதைச் செய்யலாமா என்று கேட்டேன்.

வரதன் சார் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும் டீச்சர். எத்தனை திட்டியிருக்கா என்னை! ஆனா மத்தவாள்ளாம் போட்டோ எடுத்துண்டு போயிடறா. மாசா மாசம் வந்து நின்னு கேள்வி கேட்டது அவா ஒருத்தர்தான். அவாளுக்கு ஏதாவது பண்ணணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கறது” என்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். “அசல் பூ வெச்சா மூணாம் நாள் வாடிடறது. டீச்சர் ஞாபகம் வாடவே கூடாதுன்னுதான் பிளாஸ்டிக்ல பண்ணச் சொன்னேன்.”

அந்த மனிதர் நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் கத்திவிட்டு வந்துவிடலாம். முக்காட்டைத் திரும்பப் போட்டுவிடச் சொல்வதாகவும் மல்லிகையை எடுத்துவிடச் சொல்வதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். வளைவு மட்டும் இருக்கட்டும் என்றார். இடத்தைச் சுத்தம் செய்ய மறுவாரம் ஜேசிபி வருவதாகவும் சொன்னார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஷாஹிதா, “அந்த எடத்தைக் கொஞ்சம் பாக்கலாங்களா சார்?” என்றாள்.

மூன்று பேரும் மதிலோரத்துக்கு நடந்தோம். ஒரு மழை பெய்து வெயிலடித்திருந்தது. நாற்றம் பத்தடிக்கு முன்னாலேயே வந்து எதிர்கொண்டது. வரதன் சார் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். ஷாஹிதாவும் முந்தானையை வைத்துக்கொண்டாள். குப்பை முழுவதையும் பூசணிக்கொடி மூடியிருந்தது. மஞ்சள் பூ இங்கொன்றும் அங்கொன்றுமாக. அடியில் அழுகல், புழு, ஈ.

“இங்கயா டீச்சர் எங்கம்மா வந்து நின்னாங்க?”

“இங்கதாம்மா” என்றேன்.

“நின்னு என்ன செய்வாங்க?”

“ஒண்ணும் செய்யமாட்டாங்க. பாத்துக்கிட்டு நிப்பாங்க.”

அவள் குனிந்து ஒரு பூசணி இலையை விலக்கிப் பார்த்தாள். கடைத்தெருவில் அம்மா யாரையாவது தட்டிக்கேட்டால், “விடுங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்று கையைப் பிடித்து இழுக்கிற பெண் அவள். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு வரதன் சார் பக்கம் திரும்பினாள்.

“சார், எங்கம்மா பேரை இதுக்கு வைங்க.”

“எதுக்கும்மா?”

“இந்தக் குப்பைக்கு.”

“பெருமாளே!” என்று வரதன் சார் பின்வாங்கினார். “குப்பைமேட்டுக்குப் பேர் வெக்கறதாவது! ஊர் என்னம்மா சொல்லும்? டீச்சர் பேரைக் கொண்டுபோய்க் குப்பைக்கு வெச்சான் படுபாவின்னு என்னையன்னா காறித் துப்புவா!”

“அப்படின்னா பேரே வேணாம் சார். பேரும் வைக்காதீங்க, கையும் வைக்காதீங்க. அம்மாவுக்குச் செஞ்சதா நாங்க நெனைச்சுக்கறோம்.”

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனால் அந்த முகம் இருந்ததே! புருவம், மூக்கு, உதட்டோரம், அத்தனையும் சுளித்திருந்தது. வரதன் சார் அதைப் பார்த்தார். அவருக்குப் பழகிய முகம்தானே. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “சரிம்மா” என்றார்.

ஜேசிபி வரவில்லை. குப்பைமேடு இருக்கிறது, நாறிக்கொண்டுதான் இருக்கிறது. டீச்சரின் படம் எங்கும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. செய்து முடித்துவிட்ட அந்த வளைவை வீணாக்க மனமில்லாமல், பெயரில்லாமல் டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார்கள். ஜனம் வரிசை கட்டி நின்று இறக்கைக்கு நடுவில் பல்லைக் காட்டுகிறது.

இந்த ஐப்பசியில் தனியாகப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. வளைவின் பிளாஸ்டிக் பூக்களில் அதற்குள்ளாகவே தூசி படிந்து, மழையில் கரைந்து, மூக்கு ஒழுகுவதுபோலக் கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டியது. முழங்கால் வேறு வலி. யார் கேட்கப் போகிறார்கள், திரும்பிப் போய்விடலாம் என்று வாசலில் நின்றேன். ஹமீதா டீச்சரோடு இத்தனை வருடம் நடந்ததில் எனக்கென்று என்ன மிஞ்சியது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அன்பு, பண்பு என்றெல்லாம் எழுத எனக்கு வராது. பிடிக்காத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பிடிவாதம்தான் மிஞ்சியது. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே வரதன் சாரின் அறைக்குப் போனேன்.

ஈரக் குடையோடு நான் நிற்பதைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ டீச்சர். நீங்களும் வராம இருந்துடுவேளோன்னு பயந்துண்டே இருந்தேன்” என்றார்.

உட்கார்ந்தேன். திட்ட ஆரம்பித்தேன்.